திறந்துவிட்டால் தீராது

பிரிட்டனில் அக்டோபர் மாதம் ஹீட்டிங் போடத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு ஒரு புலம்பல் கிளம்பும்: பாய்லரின் பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது. முகப்பில் இருக்கும் சின்ன மானியின் முள் பச்சையைத் தாண்டிச் சிவப்பைத் தொடுகிறது. கோயிலிலோ பிறந்தநாள் விருந்திலோ இதைச் சொன்னால், பக்கத்தில் இருக்கும் நாலு பேரும் ஒரே பதிலைத்தான் தருவார்கள். "ஒண்டும் யோசியாதேங்கோ அக்கா, ரேடியேட்டரிலை கொஞ்சம் தண்ணியைத் திறந்து விடுங்கோ, சரிவரும்." தமிழர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் சொல்வதும் இதையேதான். சொன்னபடி செய்தால் முள் இறங்கவும் செய்கிறது. சில நாட்களில் மறுபடி ஏறுகிறது, மறுபடி திறந்துவிடுகிறார்கள். ஒரு குளிர்காலம் இப்படிக் கழிந்தபின் இரண்டாவது தீர்ப்பு வருகிறது: பாய்லர் பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்.

இந்த இரண்டு பேச்சையும் நான் ஏற்கவில்லை. முதலாவது பழுதை மறைக்கிறது. இரண்டாவது, மறைத்துவைத்த பழுதுக்குத் தண்டமாக ஆயிரக்கணக்கான பவுண்டைக் கேட்கிறது. அழுத்தம் ஏறுவதற்கான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றும் தன் அடையாளத்தைத் தானே காட்டும். அந்த அடையாளத்தைப் பார்க்காமல் தண்ணீரைத் திறப்பதற்குப் பழுதுபார்ப்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

அந்த மானி எதைக் காட்டுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். இன்று காம்பி பாய்லர், அதாவது அறைகளையும் குழாய்ச் சுடுதண்ணீரையும் ஒரே பெட்டியில் சூடாக்கும் பாய்லர், உள்ள எந்த வீட்டிலும் இருப்பது மூடிய அமைப்பு. பாய்லர், குழாய்கள், ரேடியேட்டர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சுற்று. அதற்குள் அடைபட்ட அதே தண்ணீர்தான் சூடாகிச் சுற்றிவந்து, ஆறி, மறுபடி சூடாகிறது. சமையலறைக் குழாயில் வரும் தண்ணீர் இந்தச் சுற்றில் கலப்பதே இல்லை. ஆறிய நிலையில் சுற்றின் அழுத்தம் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் இருக்க வேண்டும். 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாய் வழியாகத் தண்ணீரை வெளியேற்றும்.

தண்ணீர் சூடானால் விரியும். 20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போனால் நூற்றுக்கு இரண்டு பங்கு பெருகும். சுற்றில் 80 லிட்டர் தண்ணீர் இருந்தால், ஏறக்குறைய 1.7 லிட்டருக்குப் புதிதாக இடம் வேண்டும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. செப்புக் குழாயும் இரும்பு ரேடியேட்டரும் விட்டுக்கொடுக்காது. அந்த இடத்தைக் கொடுப்பதற்கென்றே ஒரு இரும்புக் கலம் வைத்திருக்கிறார்கள். பொறியாளர்கள் அதை எக்ஸ்பான்ஷன் வெசல் என்பார்கள். காம்பி பாய்லரில் அது பெரும்பாலும் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். கொள்ளளவு பொதுவாக 8 லிட்டர், 10 லிட்டர் அளவில். கலத்தின் நடுவே ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் சுற்றின் தண்ணீர், மறுபக்கம் 0.75 பார் முதல் 1 பார் வரை அடைத்த காற்று அல்லது நைட்ரஜன். விரியும் தண்ணீர் சவ்வைத் தள்ளும், காற்று சுருங்கி இடம்விடும். தண்ணீர் ஆறும்போது காற்று அதைத் திருப்பித் தள்ளும். மூடிய ஹீட்டிங்கின் ஆரோக்கியம் முழுவதும் இந்தச் சில லிட்டர் காற்றில்தான் இருக்கிறது.

காற்றை எவ்வளவு அமுக்கினால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை ராபர்ட் பாயில் 1662-இலேயே எழுதிவைத்தார். பள்ளியில் படித்த விதிதான்: பாதியாகச் சுருக்கினால் அழுத்தம் இரட்டிக்கும். மானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவு என்பதால், கணக்குப் போடும்போது 1 பாரைக் கூட்டிக்கொள்ள வேண்டும், விடையில் கழித்துக்கொள்ள வேண்டும். 8 லிட்டர் கலம், 0.75 பார் காற்று, 80 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். ஆறிய நிலையில் 1 பார் வைத்தால், சூடானதும் முள் 1.6 பாருக்குப் போகும். ஆறிய நிலையில் 1.5 பார் வைத்தால் 2.6 பாருக்குப் போகும். 2 பார் வைத்தால் 3.7 பாருக்குப் போக வேண்டும். ஆனால் அதற்கு முன்பே பாதுகாப்பு வால்வு திறந்துவிடும். தொடக்கத்தில் வைத்தது ஒரு பார்தான் கூடுதல். முடிவில் இரண்டு பாருக்கு மேல் வித்தியாசம். ஏனென்றால் தொடக்கத்தில் அதிகமாக நிரப்பிய தண்ணீர், விரிவுக்கென்று வைத்திருந்த காற்றின் இடத்தை ஏற்கனவே பிடித்துக்கொண்டது.

இங்கேதான் நம் வீடுகளில் வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கையை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது: பிரஷரைக் கூட்டினால் வீடு நன்றாகச் சூடாகும், குழாயில் சுடுதண்ணீர் வேகமாக வரும் என்பது. இரண்டும் நடக்காது. சுற்றில் தண்ணீரை ஓட்டுவது பம்ப். பம்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. மொத்தச் சுற்றும் 1 பாரில் இருந்தாலும் 2 பாரில் இருந்தாலும் அந்த வித்தியாசம் மாறாது. ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றி நிறுத்த 1 பார் போதும். இரண்டு மாடி வீட்டின் மேல்மாடி ரேடியேட்டர் பாய்லரிலிருந்து அந்த உயரத்தில் பாதிகூட இருக்காது. குளியலறைச் சுடுதண்ணீரின் வேகம் தெருவிலிருந்து வரும் மெயின் தண்ணீரின் அழுத்தத்தைப் பொறுத்தது. பாய்லரின் முகப்பு மானி அதை அளப்பதே இல்லை. ஆகவே 1 பாரில் ஒழுங்காக ஓடும் பாய்லரை 2 பாருக்கு நிரப்புகிறவர் எந்த லாபமும் இல்லாமல் கலத்தின் இடத்தைத் தண்ணீரால் அடைக்கிறார்.

அளவுக்கு மீறி நிரப்பியது மட்டுமே காரணமாக இருந்தால், தண்ணீரைத் திறந்துவிடுவது முழுக்க முழுக்கச் சரி. இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. யாரோ நிரப்பும்போது கவனம் தவறிவிட்டார், முள் 2.2-இல் நிற்கிறது, நாள்கணக்கில் அங்கேயே நிற்கிறது என்றால், ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு 1.2 வரை இறக்குங்கள், விஷயம் முடிந்தது. ஒரு முறை இறக்கினால் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காரணம் வேறு. நான் எதிர்ப்பது அந்த இரண்டாவது முறையையும் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு முறையையும்தான்.

இனி, திறந்துவிடும் அந்த நிமிடத்தைக் கிட்டத்தில் நின்று கவனியுங்கள். ரேடியேட்டரின் மேல் ஓரத்தில் சிறு சாவியால் அரைச் சுற்றுத் திருகுகிறீர்கள். முதலில் காற்று சீறும், பிறகு தண்ணீர் வரும். கீழே பிடித்திருக்கும் கிண்ணத்தில் எவ்வளவு விழுந்தது? கலத்தில் காற்று ஒழுங்காக இருந்தால், நான் மேலே சொன்ன அமைப்பில் 2 பாரிலிருந்து 1 பாருக்கு இறங்க 2.3 லிட்டர் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். வாளி வேண்டும், பொறுமை வேண்டும். ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. ஒரு தேநீர்க் கோப்பை அளவு விழுவதற்குள் முள் 2.5-இலிருந்து 1-க்குக் கீழே விழுந்துவிடுகிறது. "பாத்தீங்களே, எவ்வளவு சுகமா இறங்கிட்டுது" என்று சொல்லிவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். அந்தச் சுலபம்தான் நோயின் சாட்சி. அமுங்கி எழும் காற்றே சுற்றில் இல்லை என்பதால்தான் ஒரு கோப்பை தண்ணீருக்கு முள் அப்படி ஆடுகிறது. மருந்து வேலை செய்தது என்று எடுத்துக்கொள்ளும் அதே காட்சி, கலம் செத்துவிட்டது என்பதற்கான சோதனை முடிவு.

கலம் இரண்டு வகையில் கெடும். முதலாவது, காற்று மெல்ல மெல்லக் குறைவது. ரப்பர் வழியாகவும் வால்வு வழியாகவும் ஆண்டுக்கணக்கில் கசியும்; கார் டயருக்கு எப்போதாவது காற்றடிப்பதுபோல இதற்கும் அடிக்க வேண்டும். கலத்தில் இருப்பதும் கார் டயரில் இருக்கும் அதே வகை வால்வுதான். ஹீட்டிங் சுற்றின் அழுத்தத்தை முழுக்கப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு, டயர் மானியால் அளந்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் காற்றடித்து, பிறகு சுற்றை நிரப்பினால் போதும். சுற்றில் அழுத்தம் இருக்கும்போதே அளப்பவர் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் அளக்கிறார். "காற்று நன்றாக இருக்கிறது" என்ற தவறான முடிவுக்கு வருகிறார். இந்தப் பிழையைத் தொழில் தெரிந்தவர்களே அவசரத்தில் செய்வதுண்டு. இரண்டாவது வகை, சவ்வு கிழிவது. அந்த டயர் வால்வின் ஊசியை நகத்தால் அமுக்கினால் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் சவ்வு போய்விட்டது, கலத்தை மாற்ற வேண்டும். வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இரண்டு வகையும் முள்ளில் ஒரே மாதிரிதான் தெரியும்: சூடானால் மளமளவென்று ஏறும், ஆறினால் சரேலென்று விழும். காலையில் 0.5, ஹீட்டிங் ஓடும்போது 2.8 என்று ஊசலாடும். இப்போது திறந்துவிடும் மருந்தின் விளைவைப் பாருங்கள். சூட்டில் ஏறியதைப் பார்த்து ஒருவர் இறக்குகிறார். ஆறியதும் முள் பூச்சியத்துக்குப் போகிறது, பாய்லர் தானாக நின்றுவிடுகிறது. விடியற்காலையில் வீடு குளிர்ந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் மறுபடி நிரப்புகிறார். சூடானதும் சிவப்பைத் தொடுகிறது. மறுபடி இறக்குகிறார். ஏற்றமும் இறக்கமும் ஒரே பழுதின் இரண்டு முகம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு வினோதமும் நடக்கிறது. ரேடியேட்டர்களின் மேற்பகுதியில் தேங்கிய காற்று, கலம் கெட்ட வீட்டில் அரைகுறையாகக் கலத்தின் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒவ்வொரு ரேடியேட்டராகப் போய் அந்தக் காற்றையெல்லாம் எடுத்துவிட்டு நிரப்பினால், மிச்சமிருந்த மெத்தையும் போய்விடும். முன்னைவிட மோசமாக முள் ஆடும். "எல்லா ரேடியேட்டரையும் ப்ளீட் பண்ணினோம், அதுக்குப் பிறகுதான் கூடிப்போச்சுது" என்று சொல்பவர்கள் இல்லாததைச் சொல்லவில்லை.

அடுத்த வகைப் பழுதுக்கு அடையாளம் வேறு. ஹீட்டிங் அணைந்திருக்கிறது, ரேடியேட்டர்கள் ஐஸ்போலக் குளிர்ந்திருக்கின்றன, ஆனாலும் முள் ஏறுகிறது. இரவில் 1.2-இல் விட்டது காலையில் 1.9-இல் நிற்கிறது. இங்கே விரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. மெயின் தண்ணீரின் அழுத்தம் பல இடங்களில் ஹீட்டிங் சுற்றின் அழுத்தத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. ஊர் தூங்கி யாரும் குழாய் திறக்காத நள்ளிரவில் அது இன்னும் கூடும். அதனால்தான் இந்த ஏற்றம் விடியலில் பளிச்சென்று தெரிகிறது.

உள்ளே வர வழிகள் சிலதான். முதல் சந்தேகம் ஃபில்லிங் லூப்: பாய்லருக்குக் கீழே, இரண்டு சிறு வால்வுகளுக்கு நடுவே தொங்கும் வெள்ளிப் பின்னல் போட்ட குழாய். மெயின் தண்ணீரை ஹீட்டிங் சுற்றுக்கு விட்டு நிரப்ப அது வைக்கப்பட்டிருக்கிறது. நிரப்பி முடித்ததும் கழற்றிவைத்து, முனைகளில் மூடி போட வேண்டும். சுற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, தகுந்த தடுப்பு இல்லாமல் இரண்டையும் நிரந்தரமாக இணைத்துவைப்பதை 1999-ஆம் ஆண்டின் நீர் வழங்கல் விதிகள் தடை செய்கின்றன. இருந்தும் வீடு வீடாக அந்தக் குழாய் ஆண்டு முழுவதும் தொங்குகிறது. வால்வின் உள்ளே சுண்ணாம்பு படிந்தோ ரப்பர் தேய்ந்தோ முழுதாக மூடாமல் போனால் சொட்டுச் சொட்டாக உள்ளே ஏறும். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு வால்வையும் மூடி, கீழே ஒரு பாத்திரம் வைத்து, குழாயைக் கழற்றுங்கள். மெயின் பக்கத்து வால்வின் வாயில் தண்ணீர் துளிர்த்துச் சொட்டினால் கள்ளன் அகப்பட்டான். லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் கடினத் தண்ணீர் என்பதால் இது அடிக்கடி நடக்கும்.

குழாயைக் கழற்றியபின்னும் முள் ஏறினால், தண்ணீர் பாய்லருக்குள்ளேயே கலக்கிறது. காம்பி பாய்லரில் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று ஒரு பகுதி உண்டு. மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கி ஒட்டியது. ஒரு தகட்டின் இந்தப் பக்கம் ஹீட்டிங் தண்ணீர், அந்தப் பக்கம் குளியலறைக்குப் போகும் மெயின் தண்ணீர். தகட்டில் ஊசித்துளை விழுந்தால், அழுத்தம் கூடிய மெயின் தண்ணீர் ஹீட்டிங் பக்கம் புகும். உள்ளேயே சாவி வைத்து நிரப்பும் மாடல்களில் அந்தச் சாவி வால்வும் இப்படிக் கசியலாம். தனியாகச் சுடுதண்ணீர்ச் சிலிண்டர் வைத்த வீடுகளில் சிலிண்டருக்குள் ஓடும் சுருள் குழாய் ஓட்டையானாலும் இதே கதை. இதற்கான சோதனையும் எளிது: பாய்லருக்குப் போகும் குளிர்தண்ணீர் வால்வை ஒரு இரவு மூடிவையுங்கள். முள் அசையாமல் நின்றால் உட்புறக் கசிவு உறுதி. எக்ஸ்சேஞ்சர்தான் காரணம் என்றால் அந்த ஒரு பகுதியை மட்டும் மாற்றலாம். முழுப் பாய்லரின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

இந்தக் கசிவு உள்ள வீட்டில் தண்ணீரைத் திறந்துவிடுவது எவ்வளவு பெரிய தீங்கு என்பதை நம்மவர்கள் உணர்வதில்லை. மூடிய சுற்றின் பாதுகாப்பே அதற்குள் இருப்பது பழைய தண்ணீர் என்பதுதான். அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் முதல் சில நாட்களிலேயே இரும்போடு சேர்ந்து தீர்ந்துவிடும். அதன்பின் துருப்பிடிக்க வழியில்லை. புதுத்தண்ணீர் புகப் புகப் புது ஆக்சிஜன் வருகிறது. ரேடியேட்டரின் இரும்பு உள்ளிருந்து கரைந்து, மேக்னடைட் என்னும் கறுப்புச் சேறாகிறது. அந்தச் சேறு பம்பை அடைக்கிறது, எக்ஸ்சேஞ்சரின் நுண்வழிகளை அடைக்கிறது, ரேடியேட்டரின் அடிப்பகுதியைக் குளிரவிடுகிறது. துருவைத் தடுக்கக் கலந்திருக்கும் இன்ஹிபிட்டர் மருந்தும் ஒவ்வொரு கிண்ணத்தோடும் வெளியே போய்விடுகிறது. அந்த மருந்தின் அளவை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று 2019-இல் திருத்திய பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 7593 சொல்கிறது. மாதத்துக்கு நாலு தரம் திறந்து நிரப்பும் வீட்டில் சோதிக்க என்ன மிஞ்சும்? கடைசியில் பாய்லர் உண்மையிலேயே கெட்டுப்போகிறது. "நான் அப்பவே சொன்னேன், பழசு எண்டு" என்று அறிவுரை சொன்னவர் தன் தீர்ப்பை உறுதிப்படுத்திக்கொள்கிறார். அது பழசானதால் சாகவில்லை. அவர் சொன்ன மருந்தால் செத்தது.

பாதுகாப்பு வால்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 3 பாரில் அது திறப்பது தன் கடமையைச் செய்வது. ஆனால் திறக்கும்போது அதன் வாயில் சேறோ சுண்ணாம்புத் துகளோ சிக்கினால் முழுதாக மூடாது. அதன்பின் நாள் முழுவதும் வெளிக்குழாயில் சொட்டும். அழுத்தம் கூடுகிறது என்று தொடங்கிய பிரச்சினை அழுத்தம் குறைகிறது என்று வேடம் மாறுகிறது. சொட்டுகிறதே என்று அந்தக் குழாயின் வாயில் துணியைத் திணிப்பதும், மூடி போட்டு அடைப்பதும், போத்தலை இறுகக் கட்டுவதும் நடக்கிறது. தயவுசெய்து யாரும் அதைத் தொடாதீர்கள். பாய்லர் வெடிக்கும் என்ற பயம் நீராவிக் காலத்திலிருந்து வந்தது; ஆலைகளில் நீராவிப் பாய்லர்கள் வெடித்து உயிர்கள் போனதால்தான் 1882-இல் பிரிட்டனில் பாய்லர் வெடிப்புச் சட்டம் வந்தது. இன்றைய வீட்டுப் பாய்லரில் அந்தப் பயம் தேவையில்லை என்று நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணமே அந்தச் சின்ன வால்வும் அதன் திறந்த குழாயும்தான். முள் 2.5-இல் நிற்பதைப் பார்த்து நடுங்குகிறவர், அதே கையால் வால்வின் வாயை அடைக்கிறார் என்றால், நமக்குள் பரவியிருக்கும் அறிவுரை எவ்வளவு தலைகீழானது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

எதிர்வாதம் ஒன்று நியாயமானது. "பொறியாளரைக் கூப்பிட்டால் வந்து மணி அடித்ததற்கே பணம் கேட்கிறார். தண்ணீரைத் திறந்துவிடச் செலவே இல்லை. ஏலாதவன் என்ன செய்வான்?" இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை, வாடகையும் எரிவாயுக் கட்டணமும் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் நிற்கிற குடும்பங்களின் கேள்வி இது. ஆனால் நான் சொன்ன சோதனைகளில் எதற்கும் காசு இல்லை. ஆறிய நிலையில் முள்ளைப் பார்ப்பதற்கும், ஒரு பின்னல் குழாயைக் கழற்றுவதற்கும், ஒரு வால்வை இரவு மூடிவைப்பதற்கும் யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அந்த விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறியாளரைக் கூப்பிட்டால், அவர் தேடும் நேரம் குறையும். இல்லாத பழுதைச் சொல்லி ஏமாற்றவும் முடியாது. பாய்லரின் உறையை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். பல மாடல்களில் எரிவாயு எரியும் அறையின் காற்றடைப்பே அந்த உறைதான். அந்த வேலைக்குக் கேஸ் சேஃப் பதிவு உள்ளவர் வர வேண்டும். 2009 ஏப்ரலிலிருந்து பிரிட்டனில் எரிவாயு வேலைக்கான பதிவு அதுதான். வருகிறவரிடம் அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் வலுவான பிடி இருக்கிறது. இங்கிலாந்தில் வழக்கமான குறுகிய கால வாடகைகளில், அறையைச் சூடாக்கும் கருவியையும் சுடுதண்ணீர்க் கருவியையும் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்று 1985-ஆம் ஆண்டின் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைக்காரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. "தண்ணியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பாவியுங்கோ தம்பி" என்று போனில் சொல்லிவிட்டு வைக்கும் சொந்தக்காரர் அந்தக் கடமையைச் செய்யவில்லை. சொந்தக்காரர் நம் ஊர்க்காரர், கோபித்துக்கொள்வார் என்று அந்தப் பதிலோடு அடங்கிப்போகும் குடும்பங்கள் எத்தனை! குழந்தைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு படுக்கும் வீட்டில் அந்த மரியாதைக்கு இடமில்லை. எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் காணொளிகளைப் பார்த்து இங்கே திருகுவதும் வேண்டாம். அங்கே அளவு பி.எஸ்.ஐ.யில் இருக்கும்: ஆறிய நிலையில் 12, பாதுகாப்பு வால்வு திறப்பது 30. பல வீடுகளில் தானாக நிரப்பும் வால்வு நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கும், அழுத்தம் ஏறினால் அங்கே முதல் சந்தேகம் அதன்மேல்தான். காரணத்தைத் தேடும் முறை ஒன்றுதான். ஆனால் எண்ணும் திருகும் இடமும் வேறு.

பாய்லரையே மாற்றச் சொல்லும் தீர்ப்புக்கு வருகிறேன். இதைச் சொல்பவர்களில் பொறியாளர்களும் உண்டு. அவர்கள் காட்டும் காரணம்: கலம் பாய்லரின் பின்பக்கம் இருக்கிறது, அதை எடுக்கப் பாய்லரையே சுவரிலிருந்து இறக்க வேண்டும், கூலி கட்டுப்படியாகாது. பாதி உண்மை. சில மாடல்களில் உள்ளிருக்கும் கலத்தை மாற்றுவது சிரமம்தான். ஆனால் கலம் பாய்லருக்குள்தான் இருக்க வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. கெட்ட கலத்தை அப்படியே விட்டுவிட்டு, சுற்றின் திரும்பும் குழாயில் பாய்லருக்கு அருகே புதிய கலம் ஒன்றை வெளியே பொருத்தலாம். நல்ல ஹீட்டிங்காரர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை இது. வெளியே இருப்பதால் அடுத்த முறை காற்றடிப்பதும் சுலபம். இந்த வழியைச் சொல்லாமல் நேரே புதுப் பாய்லரின் விலைப்பட்டியலை நீட்டுகிறவர் தன் வியாபாரத்தைப் பார்க்கிறார். பர்னரும் மெயின் எக்ஸ்சேஞ்சரும் நன்றாக இருக்கும் ஒரு பாய்லரை, ஒரு ரப்பர் சவ்வுக்காகக் குப்பையில் போடச் சொல்வது அநியாயம் என்று நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டு முள் ஏறுகிறது என்றால், எதையும் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டிங் அணைந்து ரேடியேட்டர்கள் நன்றாகக் குளிர்ந்தபின் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். காலையில் ஹீட்டிங் போடுவதற்கு முன் இன்னொரு முறை. ஹீட்டிங் ஒரு மணி நேரம் ஓடியபின் மூன்றாவது முறை. குளிரிலேயே ஏறியிருந்தால் தண்ணீர் புகும் வழியைத் தேடச் சொல்லுங்கள். சூட்டில் மட்டும் ஏறினால் கலத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வருகிற பொறியாளர் கையில் அந்தத் தாளைக் கொடுங்கள். அவர் அதைப் படிக்காமல், கலத்தின் காற்றை அளக்காமல், பின்னல் குழாயைத் தொட்டும் பார்க்காமல், கொஞ்சம் தண்ணீரை மட்டும் இறக்கிவிட்டு "இனிச் சரி" என்று புறப்பட்டால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: ஏறியது ஏன்? பதில் சொல்லத் தெரியாதவரை இரண்டாம் முறை கூப்பிடாதீர்கள்.